எப்சிபா எழுதிவைத்த நேரங்கள்

அவள் அந்த நோட்டை என்னிடம் காட்டினாள். காட்டவில்லை என்று நான் சொன்னேன்.

இவ்வளவுதான் என் குற்றம். ஒரே ஒரு சொல்... அதைச் சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் சில மாதங்கள் நான் வளர்த்துவந்த சந்தேகம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருந்தது. நீங்கள் முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் தடுக்கப் போவதில்லை.

எண்பதுகளின் பின்பாதி. சங்கரன்கோவிலில் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது அதோடு சேர்ந்து வந்தவன் நான். ராயகிரிக்காரன். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு மதுரையில் ஆறு மாதம் புரோகிராம் எழுதப் படித்திருந்தேன். எங்கள் தெருவில் அந்தச் சொல்லையே என் வாயிலிருந்துதான் பலர் முதலில் கேட்டார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. கொஞ்சமாகவா இருந்தது!

ஆலை அலுவலகத்தில் அதற்கென்று ஒரு குளிர்சாதன அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மேனேஜரே கழற்றுவார். அந்த அறைக்குள் உரிமையோடு போக இரண்டே பேர்: புரோகிராம் எழுதிய நான், தினமும் விவரங்களைத் தட்டி உள்ளே ஏற்றும் எப்சிபா.

எப்சிபா மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். தகப்பனார் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். தட்டச்சில் ஹையர் முடித்தவள். அவள் அண்ணன் தானியேல் அதே ஆலையில் ஃபிட்டர். சங்கத்தில் முன்னால் நிற்கும் ஆள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நான் இதை மறந்ததே இல்லை.

வேலை எளிமையானது. முந்தைய நாளின் மூன்று ஷிப்டிலும் யார் எந்த மிஷினில் எவ்வளவு நூல் எடுத்தார்கள் என்று எழுதிய அட்டைகள் காலையில் வந்துசேரும். எப்சிபா அவற்றைத் தட்டி ஏற்றுவாள். பிறகு என் புரோகிராம் ஓடும். ஒவ்வொருவரின் பழைய உற்பத்தியோடு புதியதைச் சேர்த்து அறிக்கை அடித்துத் தரும். பதினொரு மணிக்கு முதலாளி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்வார். அதற்குள் அறிக்கை மேனேஜரின் கையில் இருந்தாக வேண்டும்.

முதல் மாதம் எல்லாம் கனகச்சிதம். புரோகிராம் கால் மணி நேரத்தில் ஓடி முடிந்துவிடும். மேனேஜர் அண்ணாச்சி வந்தவர்களையெல்லாம் அழைத்துவந்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி என்னைக் காட்டினார்.

மூன்றாம் மாதம் அரை மணி ஆயிற்று. ஆறாம் மாதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. பதினொரு மணிக்கு முதலாளி போன் செய்யும்போது பிரிண்டர் ஓடத் தொடங்கியே இருக்காது. மேனேஜர் ரிசீவரைக் காதில் வைத்தபடி கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போனது.

என் புரோகிராமில் ஒரு வரியைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை. மாறாத ஒன்று எப்படி மெதுவாகும்? அப்படியானால் மாறியது எது? அந்த அறையில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதானே!

இப்படித்தான் தொடங்கியது... எவ்வளவு நியாயமான கேள்வியைப் போல அது என்னிடம் வந்தது பாருங்கள்.

நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். புரோகிராம் ஓடத் தொடங்கியதும் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொள்வாள். நான் அருகில் போனால் நோட்டின் மேல் கை தானாக வந்து உட்காரும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு அருகே வேப்ப மரத்தடியில் அண்ணனோடு நின்று பேசுவாள். என்ன பேசினார்கள்? வீட்டுக்கு அரிசி வாங்குவதைப் பற்றியும் இருக்கலாம். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போது மூன்றாவது ஷிப்டின் வேலைப்பளுவை எதிர்த்து சங்கம் முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம். அறிக்கை தாமதமானால் யாருக்கு லாபம் என்று என் மனம் கணக்குப் போட்டது.

இன்னொன்றும் கண்டேன். அவள் விடுப்பு எடுத்த நாட்களில் நானே உட்கார்ந்து தட்டினேன். அந்த நாட்களில் புரோகிராம் விரைவாக முடிந்தது! கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு நாள், பொங்கலை ஒட்டி ஒரு நாள்... ஒவ்வொரு முறையும். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அன்று நினைத்தேன்.

பண்டிகையை ஒட்டி ஆலையில் ஒரு ஷிப்டுதான் ஓடியது; அட்டைகள் மூன்றில் ஒரு பங்குதான் வந்தன. அதனால்தான் சீக்கிரம் முடிந்தது. கணிதம் படித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. தோன்ற நான் விடவில்லை என்பதுதான் உண்மையோ என்னவோ...

ஒரு திங்கட்கிழமை. அன்று காலை முதலாளி போனில் கத்தியது எங்கள் அறைவரை கேட்டது. மேனேஜர் போனை வைத்துவிட்டு வெளியே போனார். எப்சிபா தன் மேசையிலிருந்து எழுந்து என் அருகே வந்தாள். கையில் அந்த நோட்டு. நீல அட்டை போட்ட, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு.

"சார், ஒரு நிமிசம் இதப் பாக்கியளா?" என்றாள். "மூணு மாசமா எழுதுதேன். நான் தட்டுததுக்கு ஆவுத நேரம் அப்படியேதான் இருக்கு. புரோகிராம் ஓடுத நேரம்தான் நாளுக்கு நாள் கூடிக்கிட்டே வருது. ஒரே சீரா கூடுது சார். மெஷின் கோளாறா இருந்தா இப்படி ஒரே சீராவா கூடும்?"

அவள் விரித்துப் பிடித்திருந்தாள். நான்கு கட்டங்கள். தட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம். புரோகிராம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம். ஒரு நாள் விடாமல், பிசிறில்லாத கையெழுத்தில்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்று கைகூப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. என் புரோகிராமின் மேல் இன்னொருத்தியின் விரல் பட்டதுபோல உடம்பெல்லாம் எரிந்தது. யார் இதை எழுதச் சொன்னது, இது உங்கள் வேலையா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது. யாரும் சொல்லவில்லை, தாமதத்துக்கு என்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால் எழுதி வைத்தேன் என்றாள். பழைய அட்டைக் கட்டுகளைப் பதிவறையில் சரிபார்த்து அடுக்கிவரும்படி அவளை அனுப்பிவைத்தேன். அன்று முழுவதும் அவள் திரும்பிவராதபடிக்கு வேலை கொடுத்தேன்.

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காகத்தான்! என் புரோகிராமில் ஐந்து பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் மணி என்ன என்று திரையில் காட்டும்படி ஒரு வரியைச் சேர்த்தேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே கடிகாரம் உண்டு; அதைக் கேட்டால் சொல்லும். பிறகு அன்றைய அட்டைகளை வைத்து மறுபடியும் ஓடவிட்டேன்.

முதல் பகுதி தொடங்கியது, முடிந்தது. இடையில் ஒரு நிமிடம். இரண்டாம் பகுதி, இரண்டு நிமிடம். மூன்றாம் பகுதி தொடங்கிய நேரம் திரையில் விழுந்தது.

அதன் பிறகு எதுவும் விழவில்லை.

பத்து நிமிடம்... இருபது... டிஸ்க் ஓடுவதைக் காட்டும் சிறு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஒரு மணி பத்து நிமிடம் கழித்துத்தான் மூன்றாம் பகுதி முடிந்த நேரம் திரையில் வந்தது. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

மூன்றாம் பகுதி என்ன செய்கிறது? ஒரு தொழிலாளியின் பழைய உற்பத்தியைத் தேடி எடுக்கிறது. எப்படித் தேடுகிறது? ஒவ்வொரு அட்டைக்கும் பழைய கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறது. அடுத்த அட்டைக்கு மறுபடியும் முதல் வரியிலிருந்து... ஒரு தபால்காரர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஊரின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடுவரை பெயர் கேட்டுக்கொண்டே நடப்பதுபோல! முதல் மாதம் ஊர் சிறியது. ஆறு மாதத்தில் ஊர் வளர்ந்துவிட்டது. தினமும் நூற்றுக்கணக்கான வரிகள் அந்தக் கோப்பில் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு வரியைக்கூட மாற்றாத என் புரோகிராம், மாற்றாத காரணத்தாலேயே மெதுவாகிக்கொண்டு வந்தது.

எழுதியவன் நான். அவசரத்தில், எளிதாக முடிகிறதே என்று எழுதியவன் நான்.

அவள் ஒரு கைக்கடிகாரத்தையும் பள்ளி நோட்டையும் வைத்துக்கொண்டு மூன்று மாதத்திலேயே இதன் வாசல்வரை வந்து நின்றிருக்கிறாள்.

நான் சேர்த்த வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். திரையைத் துடைத்தேன். கதவைத் திறந்து வைத்தேன். எவரும் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே நடந்த ஒவ்வொருவரும் என்னையே பார்த்துக்கொண்டு போவதாகத் தோன்றியது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நம்புவீர்களா? உண்மையிலேயே நினைத்தேன். முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு இயல்பாக, ஒரு சின்ன விஷயம்போல...

மறுநாள் காலை மேனேஜர் அண்ணாச்சி என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். தாமதம் யாரால் என்று முதலாளி முடிவாகக் கேட்டுவிட்டாராம்.

"வே, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்" என்றார். "மெஷினா, உம்ம புரோகிராமா, இல்ல அந்தப் பிள்ளையா?"

புரோகிராம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். மெஷினும் சரிதான் என்றேன். அவர் காத்திருந்தார். அப்போது என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை.

"அவங்க ஒரு நோட்டுல தினமும் நேரம் எழுதி வைக்காங்க அண்ணாச்சி."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் அவரே சொல்லிக்கொண்டார். நேரமா? எதற்கு? யாருக்காக? அண்ணன்காரன் சங்கத்தில் இருக்கிறவன் அல்லவா? அறிக்கை எப்போது வருகிறது, முதலாளிக்கு எப்போது போகிறது என்று அவர்களுக்குத் தகவல் போகிறதா? வேண்டுமென்றே இழுத்தடித்துவிட்டு எவ்வளவு இழுத்தோம் என்று குறித்து வைக்கிறாளா? ஒவ்வொரு கேள்விக்கும் அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

எப்சிபா அழைக்கப்பட்டாள். நோட்டும் வந்தது. அவர் புரட்டினார். பக்கம் பக்கமாக நேரங்கள். அவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, புரியாததாலேயே பயந்தார்.

அவள் பயப்படவில்லை. அமைதியாகவே பேசினாள். எதற்காக எழுதினேன் என்று சாரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், சாரிடம் காட்டினேன், அவரையே கேளுங்கள் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்... லேசாக, ஒரு சாட்சி கிடைத்த நிம்மதியோடு.

"காட்டுனாளா வே?" என்றார் அண்ணாச்சி.

"எங்கிட்ட காட்டல" என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை போடுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணை இமைக்கவில்லை. என்ன நடந்தது என்பது அவளுக்கு அந்த நொடியில் முழுவதுமாகப் புரிந்துவிட்டது என்பதை நான் கண்டேன். என் புரோகிராமைப் புரிந்துகொண்டதுபோலவே என்னையும் புரிந்துகொண்டாள்.

"சரி சார்" என்றாள். அவ்வளவுதான். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னதும் குடையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மதிய பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. இரண்டே நாளில் மூன்றாம் பகுதியைத் திருத்தி எழுதினேன். பழைய கோப்பை ஒரே ஒரு முறை படித்து, தொழிலாளியின் எண் வரிசையில் நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். வியாழக்கிழமை அறிக்கை பதினைந்து நிமிடத்தில் வந்தது.

அலுவலகமே வியந்தது. பார்த்தீர்களா, அவள் போனாள், மெஷின் ஓடுகிறது! இதற்கு மேல் யாருக்கு என்ன ஆதாரம் வேண்டும்? அண்ணாச்சி என் தோளில் தட்டினார். நூற்புப் பகுதிவரை செய்தி பரவியது. எப்சிபா வேண்டுமென்றேதான் செய்தாள் என்பது ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாயிற்று.

ஒரு வாரம் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் போதும். புரோகிராம் மெதுவாகவே ஓடியிருக்கும். அவள் இல்லாமலும் தாமதமாகிறதே என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவள் பெயர் தானாகவே துலங்கியிருக்கும்... இது எனக்குத் தெரியாமலா திருத்தினேன்? இல்லை... தெரிந்துதான் அவசரப்பட்டேனா? இத்தனை வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல பதில் ஒன்றும் வரவில்லை.

பத்து நாள் கழித்து தானியேல் என்னைத் தேடி வந்தார். ஷிப்டு முடிந்து, கையில் கிரீஸ் கறையோடு, சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்தார். சங்கத்துக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் பேசிய குரலில் சண்டையே இல்லை.

"சார், சங்கத்துல நாங்க யாரும் அவள்ட்ட ஒண்ணும் செய்யச் சொல்லல. ஆனா அவளாவே எனக்காகன்னு எதுவும் செஞ்சிருப்பாளோன்னு வீட்ல அப்பா கேக்காரு. எனக்கும் ராவெல்லாம் அதே யோசனைதான். நீங்க கூடவே இருந்தவுக. செஞ்சாளா, இல்லையா? நீங்க சொன்னா நம்புதோம்."

இல்லை என்று ஒரு சொல் போதும். அவர் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார். என் வேலை போயிருக்காது. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கியிருக்கும். ஆனால் செய்யவில்லை என்றால், அப்புறம் எதனால் என்று அடுத்த கேள்வி வருமே!

"எனக்குத் தெரியாது" என்றேன்.

தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்த ஆலையில் என்னால் நீண்ட நாள் இருக்க முடியவில்லை. யாராவது இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். எனக்குப் புதிதாக உதவிக்கு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே திரையை மறைத்துக்கொள்வேன். என் புரோகிராமை ஒருவரும் திறந்து பார்க்காதபடி பூட்டி வைத்தேன். முன்பு அவளைச் சந்தேகித்த அதே கண்களால் இப்போது எல்லோரையும் சந்தேகித்தேன். கோயம்புத்தூரில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆடித்தபசுத் திருவிழா சமயம். ஊருக்கு வந்திருந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. டீக்கடை ஓரம் நின்றவனை யாரோ சார் என்று கூப்பிட்டார்கள். தானியேல்.

தப்பித்துப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை. இரண்டு டீ சொன்னார். தகப்பனார் நலமாக இருக்கிறார், தான் ஆலையை விட்டு நின்று சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னார். நான் கேட்காமலே தங்கையைப் பற்றியும் சொன்னார். தூரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை பார்க்கிறாளாம். வருடத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்து இரண்டு நாள் இருப்பாளாம்.

அந்த முதல் வருடம் வீடு நரகமாக இருந்தது என்றார். தினமும் ஜெபத்துக்கு உட்காரும்போது, செய்திருந்தால் ஒத்துக்கொள் மகளே, ஆண்டவர் மன்னிப்பார் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாராம். அவள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அப்புறம் பேசுவதையே நிறுத்திவிட்டாளாம்.

தானியேல் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"கடைசில ஒருநா அவளே ஒத்துக்கிட்டா சார். முட்டங்கால் போட்டு, ஆமாப்பா, நான்தான் வேணும்னு செஞ்சேன், மன்னிச்சிருங்கன்னா. அப்பா அப்படியே கட்டிப் பிடிச்சிக்கிட்டாரு. நாங்க எல்லாரும் மன்னிச்சிட்டோம். அதுக்குப் பொறவுதான் வீட்ல அமைதி வந்துது."

நான் டீயைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அன்னைக்கு நான் கேட்டப்போ தெரியாதுன்னியள்லா? அவளக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னியள்னு பொறவுதான் சார் வெளங்குச்சு. அப்பா உங்களுக்காகவும் ஜெபம் பண்ணுதாரு."

செய்யாததை அவள் முழங்காலில் நின்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். செய்தவன் நான்... எனக்காக அந்த வீட்டில் ஜெபம் நடக்கிறது!

வாய் திறந்தேன். உங்களிடம் சத்தியம் செய்கிறேன், திறந்தேன். இல்லை தானியேல், அது நான் எழுதிய பிழை, அவள் அதைக் கண்டுபிடித்தாள் என்ற வாக்கியம் முழுவதும் நாக்கின்மேல் இருந்தது. அதற்குள் என் ஊர்ப் பக்கம் போகும் வாசுதேவநல்லூர் பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் அதை நோக்கிப் பாய்ந்தது. தானியேல் என் பையை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். ஜன்னல் வழியாகப் பையை உள்ளே போட்டு எனக்கு இடம் பிடித்துவிட்டு, வாங்க சார், வாங்க சார் என்று கைகாட்டி அழைத்தார்.

நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.